காரைக்குடியில் பார்த்த பழைய சைடுபோர்டு, வாங்கலாமா?

மூன்றாம்மாடி:

எல்லோருக்கும் வணக்கம். சாப்பாட்டு அறைக்குப் பழைய சைடுபோர்டு ஒன்று வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கடையில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். ஐந்தரை அடி அகலம், இடுப்புயரம். நடுவில் மூன்று டிராயர், இரண்டு பக்கமும் கதவு வைத்த அலமாரி. மூலைகள் கூராக இல்லாமல் உருண்டு வருகின்றன. மேலே படிப்படியாக உயரும் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடி, ஓரத்தில் ரசம் போயிருக்கிறது. ஒரு கதவு சரியாக மூடவில்லை. டிராயருக்கு அடியில் கொஞ்சம் மரப்பொடி கிடந்தது.

“150 வருஷத்துச் சாமான், முழுக்க பர்மா தேக்கு” என்கிறார் கடைக்காரர். 70,000 ரூபாய் கேட்கிறார். வயசு உண்மைதானா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பழைய பாலிஷைச் சுரண்டிவிட்டுப் பளபளவென்று பி.யு. (பாலியூரித்தேன் பூச்சு) அடித்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனசு வரவில்லை. நாங்கள் இருப்பது சென்னையில், மூன்றாம் மாடி.

இழைப்புளி:

பழைய மரச்சாமான்களைச் சீர்செய்வதுதான் என் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உருண்ட மூலை, படிப்படியான கண்ணாடிச் சட்டம் என்று நீங்கள் சொன்னதிலேயே காலம் தெரிகிறது. இது ஆர்ட் டெகோ பாணி. 1925 பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு உலகமெங்கும் பரவியது, நம் பக்கம் 1930, 40களில் வேரூன்றியது. செட்டிநாட்டில் அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளில் இந்தச் சாயலை நிறையப் பார்க்கலாம். ஆகவே உங்கள் சைடுபோர்டுக்கு 80, 90 வயதிருக்கும், 150 இருக்க வழியில்லை. 100 வயது தாண்டினால்தான் ஆன்டிக் என்பது வியாபார வழக்கம், அதற்குக் கீழே விண்டேஜ். விண்டேஜ் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை, அந்தக் காலத்து வேலைப்பாடு அருமையானது. ஆனால் இல்லாத 60 வருஷத்துக்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அடுத்த முறை போகும்போது முன்பக்க அழகைப் பார்க்காதீர்கள். டிராயரை முழுசாக வெளியே உருவித் தலைகீழாகத் திருப்புங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் டவ்டெயில் மூட்டு (புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்தது) கையால் வெட்டியதென்றால் பற்கள் ஒரே அளவில் இருக்காது, ஆசாரி அளவுக்காகக் கீறிய மெல்லிய கோடும் பக்கத்திலேயே தெரியும். எல்லாம் அச்சடித்தாற்போல் இருந்தால் மெஷின் வேலை. பிறகு திருகாணிகள். தலையில் ஒரே கோடு உள்ளவை பழசு. கூட்டல் குறி போட்ட திருகாணி 1936வாக்கில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கே வந்தது, நம் ஊர் ஆசாரிகள் கைக்கு வர இன்னும் வெகுகாலம் ஆனது. ஒன்றிரண்டு இருந்தால் யாரோ ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள். எல்லாமே அப்படி இருந்தால் யோசியுங்கள். கைப்பிடிக்குப் பின்னால், டிராயரின் உட்பக்கம், அடைத்த பழைய துளை இருந்தால் கைப்பிடி மாற்றியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடித்த வீடுகளின் உத்திரம், நிலை, கதவு எல்லாவற்றையும் அறுத்துப் புதுச் சாமான் செய்வதும் உண்டு. மரம் பழசு, சாமான் புதுசு. சொல்லி விற்றால் குற்றமில்லை. சம்பந்தமில்லாத இடத்தில் அடைத்த துளைகள், உள்பக்கம்கூட ஒரே நிறத்தில் சாயம், இவைதான் அடையாளம். உண்மையான பழசில் வெளிச்சமும் கையும் பட்ட இடம் ஒரு நிறமாகவும் படாத இடம் வேறு நிறமாகவும் இருக்கும்.

பர்மா தேக்கா மலபார் தேக்கா என்று பார்வையிலேயே அடித்துச் சொல்ல முடியாது. அந்தப் பேருக்காக விலை ஏற்றாதீர்கள். தேக்குதானா, வைரம் பாய்ந்த பகுதியா என்பதே முக்கியம். உருண்ட மூலைகளில் பெரும்பாலும் பிளைவுட் மேல் வெனீர்தான், அதாவது மெல்லிய மரத்தகடுதான், ஒட்டியிருக்கும், அது அந்தக் காலத்து முறையே.

பொடியை அலட்சியம் செய்ய வேண்டாம். தேக்கின் வைரத்தில் வண்டு எளிதில் இறங்காது. வெளிர்ந்த ஓரப்பகுதியிலும், டிராயர் அடிக்குப் போட்ட மட்டமான மரத்திலும்தான் இறங்கும். சுத்தமாகத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புக் காகிதம் விரித்து வைக்கச் சொல்லுங்கள். சில வாரத்தில் புதுப்பொடி விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. மருந்து போட்ட பிறகுதான் வீட்டுக்குள் வர வேண்டும்.

பாலிஷ் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். அரக்கு மேல் அரக்கு கரைந்து ஒட்டும், அதனால் பழுதான இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பி.யு. போட்டுவிட்டால் நாளைக்கு ஒரு கீறலுக்கும் முழுப்பரப்பையும் தேய்க்க வேண்டிவரும். உப்புத்தாள் வெனீரைத் தாண்டிவிட்டால் அப்புறம் திரும்பி வராது. தூசி எடுத்து, தேன்மெழுகு தேய்த்து, ஒரு மாதம் அப்படியே வைத்துப் பாருங்கள். உங்கள் கணவருக்கே அந்த நிறம் பிடித்துப்போகும்.

வேம்படி:

அந்தக் காசுக்கு நல்ல ஆசாரியை வைத்து நாலு டிராயரோடு புதுசாகவே செய்துகொள்ளலாமே. வண்டுப் பயமும் இல்லை.

இழைப்புளி:

செய்யலாம், தவறே இல்லை. ஆனால் அந்த அகலத்தில் ஒட்டுப் போடாத ஒற்றைத் தேக்குப் பலகை இன்றைக்கு எந்த மரக்கடையில் கிடைக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். கடையில் இருக்கும் சைடுபோர்டின் மேல்பலகை ஒற்றையா ஒட்டா என்பதை மூன்றாம்மாடியும் பார்த்துச் சொல்லட்டும்.

புதுக்கோட்டை_மருமகள்:

எங்கள் மாமியார் வீட்டில் இதே மாதிரி ஒன்று தினமும் புழங்குகிறது. புழங்குகிறவளாகச் சில சொல்கிறேன்.

அரக்கு பாலிஷுக்குச் சூடும் ஈரமும் ஆகாது. ரசச் சட்டியை நேராக வைத்தால் வெள்ளை வளையம் விழுந்துவிடும். அடியில் பிரிமணையோ கனமான பித்தளைத் தட்டோ இல்லாமல் எதையும் வைக்க எங்கள் வீட்டில் அனுமதி கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழையில் டிராயர் உப்பிச் சிக்கும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள், தையில் தானாக இளகிவிடும், இழைத்திருந்தால் கோடையில் லொடலொடவென்று ஆடும். ஓடும் சட்டத்தில் மெழுகுவத்தி தேய்த்தால் போதும். சுவரை ஒட்டிப் போடாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள், ஏசிக் காற்று நேராகப் படவும் கூடாது.

மூடாத கதவுக்குக் கீலைக் குறை சொல்லுமுன் தரையைப் பாருங்கள். ஒரு கால் தாழ்ந்திருந்தாலே கதவு மாறி நிற்கும், சின்ன ஆப்பு வைத்தால் சரியாகிவிடும்.

மூன்றாம்மாடி:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. கடைக்குப் போன் செய்து படம் வாங்கினேன். டவ்டெயில் கையால் வெட்டியதுதான், பற்கள் ஒழுங்கில்லாமல் இருக்கின்றன. பின்பலகை பிளைவுட். மேல்பலகை இரண்டு துண்டு. கைப்பிடிகள் மாற்றியவை. வயசைச் சொன்னதும் அவரே 58,000க்கு இறங்கிவிட்டார். கண்ணாடியைப் புதுசாக மாற்றித் தருகிறேன் என்கிறார். மாற்றலாமா?

இழைப்புளி:

வேண்டாம். ஓரம் சாய்த்துத் தேய்த்த பழைய கண்ணாடிக்கு ஈடாகப் புதுசு அமையாது. சாப்பாட்டு அறையில் முகம் பார்க்கப் போவதில்லை, ரசம் போன ஓரம் அப்படியே இருக்கட்டும். மேல்பலகை ஒட்டு, கைப்பிடி மாற்றியது, வண்டு மருந்துச் செலவு மூன்றையும் சொல்லி 50,000க்குக் கேளுங்கள். கையால் செய்த டிராயருக்கு அது நியாயமான விலைதான். பில்லில் “தேக்கு, சுமார் 1940” என்று எழுதி வாங்குங்கள்.

வண்டியில் ஏற்றுமுன் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள், பின்னால் திருகாணிதான் பிடித்திருக்கும். டிராயர்கள் தனியாக வரட்டும். கண்ணாடியைப் படுக்க வைக்கக் கூடாது, நிற்க வைத்துக் கட்ட வேண்டும். உங்கள் லிஃப்ட் கதவின் அகலத்தை இன்றைக்கே அளந்துவிடுங்கள். உள்ளே நுழையாவிட்டால் படிக்கட்டுத் திருப்பத்தில் நாலு ஆள் வேண்டும், அந்தக் கூலியையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.