‘சஃபையர் புளூ’ யாரிடமாவது இருக்கிறதா?

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருக்கும் வாசகர்களிடம் ஓர் உதவி. கெர்ஸ்டின் கீர் எழுதிய காலப்பயணக் கதை ‘ரூபி ரெட்’டின் இரண்டாம் பாகமான ‘சஃபையர் புளூ’வைத் தேடுகிறேன். இரவல் தந்தால் போதும், விலைக்கு என்றாலும் சரி.

என் பெறாமகளுக்குப் பதினான்கு வயது. முதல் பாகத்தை முடித்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. லண்டனில் படிக்கும் க்வெண்டலின் எந்த ஆயத்தமும் இல்லாமல் கடந்த காலத்துக்குள் போய் விழுகிறாள். பன்னிரண்டு காலப்பயணிகளின் இரத்தத்தையும் ஒரு கருவியில் சேர்க்கவேண்டும். அதற்குள் கதை பாதியில் நின்றுவிடுகிறது! பிள்ளை தவிப்பதில் நியாயம் இருக்கிறது. நானும் வாசித்துவிட்டுத் தவிக்கிறேன்.

மூலம் ஜெர்மன் மொழி. முதல் பாகம் 2009இல் வந்தது. எங்களுக்கு வேண்டியது 2012இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு. செய்தவர் அந்தியா பெல், ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அந்த நகைச்சுவை இதிலும் தெரிகிறது.

மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் கேட்டேன், கிடைக்கவில்லை. பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் யாராவது கண்டீர்களா? இரண்டாம் பாகமும் அந்தரத்திலேயே நிற்குமென்றால் மூன்றாவதான ‘எமரால்ட் கிரீ’னையும் சேர்த்தே தேடவேண்டும், வாசித்தவர்கள் அதை மட்டும் சொல்லுங்கள். கதையில் வரும் கிடியனைப் பற்றித் தயவுசெய்து எதுவும் எழுதவேண்டாம். பின்னூட்டங்களை அவளும் பார்க்கிறாள்.

புத்தகத்துக்கு உறை போட்டு, மடிப்பு விழாமல் திருப்பித் தருவோம். உங்கள் வீட்டுக்கே வந்து பெற்றுக்கொள்கிறேன்.