கொழும்புக்கு லித்தியம் பேட்டரி அனுப்ப வேண்டும்: மதுரை விமானச் சரக்கில் திருப்பிவிட்டார்கள், தூத்துக்குடி வழியாக அனுப்பலாமா?

கப்பலூர் பட்டறை:
வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில், செல்களை வாங்கிப் பூட்டி, சூரிய மின் இன்வெர்ட்டர்களுக்கான லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி செய்யும் சிறிய பட்டறை எங்களுடையது. ஒரு பேட்டரி 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி. இரும்புக் கூட்டோடு 46 கிலோ இருக்கிறது. கொழும்பு வாடிக்கையாளர் ஒருவர் முதலில் 6 கேட்டிருக்கிறார். சரியாக ஓடினால் மாதந்தோறும் வாங்குவதாகவும் சொல்கிறார். செல் தயாரிப்பாளர் கொடுத்த யு.என். 38.3 சான்றிதழை (லித்தியம் பேட்டரி போக்குவரத்தைத் தாங்குமா என்று பார்க்கும் ஐ.நா. சோதனைகளில் தேறியதற்கான சான்று) இணைத்து, பெட்டியின் மேல் சிவப்புக் கோடு போட்ட லித்தியம் பேட்டரி ஸ்டிக்கரையும் ஒட்டி ஒரு சரக்கு முகவரிடம் கொடுத்தோம். விமான நிலையத்திலிருந்து மறுநாளே திரும்பி வந்துவிட்டது. "ஸ்டிக்கர் தப்பு, பேப்பர் தப்பு" என்றதற்கு மேல் அவர் எதுவும் விளக்கவில்லை. எதைத் திருத்தினால் எடுத்துக்கொள்வார்கள்? இன்வெர்ட்டரையும் அதே பெட்டியில் வைத்து அனுப்பினால் விதி தளரும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், அது உண்மையா?

விமானச் சரக்குப் பதிவில் பணியாற்றியவர்:
ஐயா, ஸ்டிக்கரை மாற்றினாலும் அந்தப் பெட்டி ஏறாது. தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பேட்டரி (தங்களுடைய அயர்ன் பாஸ்பேட்டும் இந்த வகைதான்) யு.என். 3480 என்ற அபாயச் சரக்கு எண்ணின் கீழ் வரும்; அதைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் உலகம் முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. துபாயில் 2010 செப்டம்பர் 3 அன்று, லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்து ஒரு போயிங் 747 சரக்கு விமானம் விழுந்து, விமானிகள் இருவரும் இறந்ததை இந்தத் தொழிலில் உள்ள யாரும் மறக்கவில்லை. சரக்கு மட்டுமே ஏற்றும் விமானமாக இருந்தாலும் மின்னேற்றம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு பெட்டியில் பேட்டரியின் எடை 35 கிலோவைத் தாண்டக் கூடாது. தங்களுடையது ஒன்றே 46 கிலோ என்பதால், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் தனி அனுமதி இல்லாமல் அதிலும் போகாது.

நண்பர் சொன்ன வழியில் எண் 3481 ஆக மாறும் என்பது சரிதான். ஆனால் பயணிகள் விமானத்தில் அதற்கு ஒரு பெட்டிக்கு 5 கிலோ பேட்டரிதான் உச்சம். சிவப்புக் கோட்டு ஸ்டிக்கர் 100 வாட் மணிக்கு உட்பட்ட சின்ன பேட்டரிகளுக்கானது. 51.2-ஐ 100-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 5,120 வாட் மணி. அதற்கு ஒட்ட வேண்டியது, கீழ்ப் பாதியில் பேட்டரிப் படம் போட்ட, அபாயச் சரக்கில் ஒன்பதாம் வகுப்புக்கான சாய்சதுர ஸ்டிக்கர்.

தூத்துக்குடி சரக்கு முகவர்:
கடல் வழியில் இந்த எடை ஒரு தடையே அல்ல. 12 கிலோவுக்கு மேல் எடையும், அடி தாங்கும் வலுவான கூடும் உள்ள பேட்டரியை, யு.என். முத்திரை பெற்ற பெட்டி இல்லாமல், உறுதியான மரச்சட்டப் பெட்டியிலேயே அனுப்பலாம். மரத்தில் வெப்பப் பதனத்திற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை மட்டும் இருக்கட்டும். இணைப்பு முனைகளை மூடி, பெட்டிக்குள் அசையாமல் இறுக்கிக் கட்டுங்கள்.

தங்களுடைய உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தாங்கள் இணைத்தது செல்லின் சான்றிதழ். பதினாறு செல்களைப் பூட்டி, பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்று) வைத்து, கூட்டில் அடைத்த பிறகு அது வேறொரு பொருள். தேறிய செல்களால் ஆனது என்றாலும், பேட்டரியும் தனியாக 38.3 சோதனைகளில் தேறியிருக்க வேண்டும். அதிர்வு, அதிர்ச்சி, குறுக்குச் சுற்று, மிகை மின்னேற்றம் ஆகியவை பூட்டிய விதத்தைத்தான் சோதிக்கின்றன. கப்பல் நிறுவனங்கள் முதலில் கேட்பதே அந்தச் சோதனைச் சுருக்கத்தைத்தான். அது இல்லாமல் அபாயச் சரக்கு அறிவிப்பில் தாங்கள் கையெழுத்திட்டால், அந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பு தாங்களே, முகவர் அல்ல.

சிவகாசியிலிருந்து ஒருவர்:
எங்கள் ஊர்ச் சரக்கான பட்டாசு, அபாயச் சரக்கில் முதலாம் வகுப்பு. ஆனாலும் அபாயச் சரக்குத் தாள்களோடுதான் எங்கள் பிழைப்பு. முகவர் விட்டுவிட்ட ஒரு விலக்கு உண்டு: 100-க்கு மேற்படாத உற்பத்தித் தொகுதிக்கும், சோதனைக்குப் போகும் முன்மாதிரிக்கும் அபாயச் சரக்கு விதிகளில் உள்ள சிறப்பு விதி 310-இன் கீழ் 38.3 சோதனை கட்டாயமில்லை. ஆனால் அதற்குப் பெட்டி யு.என். தரத்தில் இருக்க வேண்டும், உள்ளே தீப்பற்றாத, மின் கடத்தாத திணிப்பு வேண்டும், 30 கிலோவுக்கு மேற்பட்ட பேட்டரி என்றால் பெட்டிக்கு ஒன்றுதான் வைக்க வேண்டும். மாதாமாதம் அனுப்ப நினைப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லாரியில் ஏற்றும்போது சரக்கின் விவரத்தை எழுத்தில் ஓட்டுநரிடம் கொடுப்பதையும் மறக்காதீர்கள். 1989 மோட்டார் வாகன விதிகளில் அது அனுப்புபவரின் கடமை.

கப்பலூர் பட்டறை:
அனைவருக்கும் நன்றி. தாள்தான் கோளாறு என்று எண்ணி ஒரு வாரத்தை வீணாக்கிவிட்டேன். மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்ப பெங்களூரு ஆய்வகம் ஒன்றில் பேசிவிட்டோம். வாடிக்கையாளரிடமும் தாமதத்தைச் சொல்லிவிட்டேன். இரண்டு சந்தேகங்கள் மீதமுள்ளன. திரும்பி வந்த ஆறில் ஒன்றை இறக்கும்போது தள்ளுவண்டியிலிருந்து நழுவவிட்டார்கள். மூலையில் கட்டைவிரல் அளவுக்கு நெளிவு. திறந்து பார்த்ததில் பதினைந்து செல்கள் 3.29 வோல்ட் காட்ட, அந்த மூலைச் செல் மட்டும் 3.11-இல் நிற்கிறது. கூட்டைத் தட்டி நிமிர்த்தி, வண்ணம் பூசி அனுப்பலாம் என்கிறான் மேஸ்திரி. அடுத்து, கடல் வழியிலும் 30 சதவீதம் கேட்பார்களா? கேட்டால் எப்படி அளப்பது?

தூத்துக்குடி சரக்கு முகவர்:
அந்த ஒன்றை இன்றே மற்றவற்றிலிருந்து பிரித்து, கூரைக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். அடிபட்டு ஒரு செல் இறங்கிய பேட்டரி, விதியின் கண்ணில் சேதமடைந்த பேட்டரி. விமானத்தில் அறவே தடை, கடலில் அதற்கென்று தனிப் பெட்டி முறை இருக்கிறது. மேஸ்திரியின் வண்ணம் உள்ளே இருக்கும் செல்லுக்குத் தெரியாது.

கடல் விதியில் 30 சதவீதக் கட்டாயம் இல்லை. ஆனால் கப்பல் நிறுவனம் தன் நிபந்தனையாகக் கேட்கலாம், ஆகவே குறைத்தே வையுங்கள். மல்டிமீட்டரை நம்பி அளக்க வேண்டாம். இந்த வகைச் செல் பெரும்பாலான அளவில் 3.2-க்கும் 3.3-க்கும் இடையிலேயே நிற்பதால், 40 சதவீதமும் 60 சதவீதமும் மீட்டரில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். பி.எம்.எஸ். துண்டிக்கும் வரை மின்னேற்றத்தை முழுவதும் இறக்கிவிட்டு, 10 ஆம்பியரில் மூன்று மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஏற்றுங்கள். தேதியோடும் பேட்டரியின் வரிசை எண்ணோடும் அதை ஒரு தாளில் குறித்துப் பெட்டியோடு அனுப்புங்கள்.