புதுப்பிப்பு: ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றத் தொடங்கிவிட்டது

வேறொரு காரின் எஞ்சினை என் காரில் பொருத்திய பிறகு பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். குற்றவாளி ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு ஏற்றும் கருவி) அல்ல, நான்தான். டாஷ்போர்டில் சார்ஜ் எச்சரிக்கை பல்பைக் கழற்றிவிட்டு, அழகுக்காக எல்இடி போட்டிருந்தேன். அந்தச் சிறிய பல்பு வழியாகப் போகும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டர் சுருளை முதலில் காந்தமாக்குகிறது. எல்இடி அவ்வளவு மின்சாரத்தை விடாது.

பழைய 2 வாட் பல்பை இக்னிஷனுக்கும் ஆல்டர்னேட்டரில் இந்தப் பல்புக்கென உள்ள ‘எல்’ முனைக்கும் இடையே இணைத்தேன். சாவியைத் திருப்பியதும் எரிந்தது, எஞ்சின் ஓடியதும் அணைந்தது. மீட்டரில் 12.3 வோல்ட் 14.2 ஆக ஏறியது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்!

ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த ‘பி’ வயரை மாற்றுவது பாக்கி. புதிய ஆல்டர்னேட்டர் 90 ஆம்பியர். பழைய வயரோ 45 ஆம்பியருக்குப் போட்டது. விளக்குகளைப் போட்டால் அதில் மின்சாரம் கூடும் என்பதால், மாற்றும்வரை இரவில் ஓட்டப்போவதில்லை.