ஆற்றங்கரையில் ஆர்வி (தங்கும் வசதியுள்ள பயண வண்டி) நிறுத்தியிருக்கையில் இரவில் வெள்ளம் வந்தால் வண்டிக்குள்ளேயே இருக்கலாமா?

ஆஸ்டின்வாசி (கேள்வி):

வணக்கம். கடந்த மே மாதம் எங்களுக்கு நேர்ந்ததை எழுதி, அன்று நாங்கள் செய்தது சரிதானா என்று அனுபவமுள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுக்கும் 25 அடி நீள டிரெய்லர் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, நான், என் கணவர், எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் உள்ள எங்கள் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் ஆகிய ஐந்து பேரும் டெக்சஸில் கான்கன் அருகே ஃப்ரியோ ஆற்றங்கரையில் உள்ள ஓர் ஆர்வி பூங்காவுக்குப் போயிருந்தோம். தண்ணீரை ஒட்டி, சைப்ரஸ் மர நிழலில் இடம் கிடைத்ததை அன்று பெரிய அதிர்ஷ்டமாக நினைத்தோம்.

இரண்டாம் நாள் இரவு எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழைகூட இல்லை. வடக்கே வெகுதூரத்தில் மின்னல் வெட்டியது மட்டும் தெரிந்தது. அதிகாலை மூன்று மணி இருக்கும். ஆற்றங்கரை ஊரில் வளர்ந்தவரான மாமனார் எழுந்து உட்கார்ந்து, "ஆத்துச் சத்தம் மாறியிருக்கும்மா, கல்லு உருளுது" என்றார். கதவைத் திறந்து டார்ச் அடித்தபோது, மாலையில் பிள்ளைகள் கூழாங்கற்களை அடுக்கி விளையாடிய இடமே தெரியவில்லை. பழுப்பு நிறத் தண்ணீர் எங்கள் வண்டியின் கீழ்ப்படியைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியின் தரை உயரமாக இருக்கிறது, நான்கு மூலையிலும் ஜாக் ஊன்றியிருக்கிறது, இந்த இருட்டில் பிள்ளைகளோடு வெளியே இறங்குவதுதான் ஆபத்து என்று என் கணவர் சொன்னார். வாடகை வண்டியை விட்டுப்போனால் முன்பணம் போய்விடுமே என்ற கவலையும் எங்களுக்கு இருந்தது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை படியில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் படிவரை ஏறி, ஐந்து மணிக்கு மேல் வடியத் தொடங்கியது. பூங்கா நிர்வாகத்திலிருந்து யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. காலையில் பக்கத்து வண்டிக்காரர், "உள்ளேயே இருந்தது நல்லது, இவ்வளவு கனமான வண்டியைக் காரைப்போல வெள்ளம் அடித்துக்கொண்டு போகாது" என்றார்.

வரும் அக்டோபரில் குவாடலூப்பே ஆற்றுப் பக்கம் போக எண்ணியிருக்கிறோம். உள்ளேயே இருந்தது சரியா? மீண்டும் அப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? மாமனாருக்கு முழங்கால் வலி இருப்பதால் வேகமாக நடக்க முடியாது என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

மலைநாட்டுக்காரர் (மறுமொழி):

சகோதரி, அன்று ஆறு இரண்டாம் படியோடு நின்றதால்தான் நீங்கள் இதை எழுத முடிகிறது. இன்னும் இரண்டடி ஏறியிருந்தால் அந்த வண்டி உங்களைக் காத்திருக்காது. கடுமையாகச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். குவாடலூப்பே ஆறு ஓடும் கெர் கவுண்டியில் (மாவட்டத்தில்) பல ஆண்டுகளாக வாழ்கிறவன் என்பதால் மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மத்திய டெக்சஸின் இந்த மலைப்பகுதியைத் 'திடீர் வெள்ளச் சந்து' என்று பொருள்படும் பெயரால் அழைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று பால்கோனீஸ் சரிவில் மேலெழுந்து கொட்டித் தீர்க்கிறது. கீழே சுண்ணாம்புப் பாறைமேல் கைப்பிடி மண்தான் இருக்கிறது. பெய்யும் மழையைக் குடிக்க நிலத்துக்கு வழியில்லை. குறுகிய பள்ளத்தாக்குகள் வழியாக அத்தனை நீரும் ஒரே ஆற்றில் வந்து சேர்கிறது. உங்கள் தலைக்கு மேல் மழை இல்லாததும் மாமனார் காதில் கல் உருளும் சத்தம் விழுந்ததும் இதனால்தான். மழை பெய்த இடம் வேறு, வெள்ளம் வந்த இடம் வேறு.

2025 ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப்பே ஆறு சுமார் 45 நிமிடங்களில் 26 அடி உயர்ந்ததாக மாநில அதிகாரிகள் தெரிவித்தார்கள். முந்தைய நாள் பிற்பகலிலேயே, வெள்ளம் வரக்கூடும் என்ற முன்னறிவிப்பு வந்துவிட்டது. நள்ளிரவு தாண்டி 1:14-க்கு எச்சரிக்கையும், 4:03-க்கு மிக உயர்ந்த நிலையான வெள்ள அவசரநிலை அறிவிப்பும் வந்தன. மாநிலத்தில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எங்கள் கவுண்டியில் இறந்தவர்கள். இங்க்ரம் பகுதியில் ஆற்றோரம் நின்றிருந்த டிரெய்லர்கள் ஆட்களோடு போயின. சில நாள் கழித்து அந்தப் பக்கம் உதவிக்குச் சென்றபோது, ஒரு டிரெய்லரின் அடிச்சட்டம் மட்டும் சைப்ரஸ் மரம் ஒன்றை வளைத்துச் சுற்றிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தேன். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அச்சில் ஒரு சக்கரம் மட்டும் மிஞ்சியிருந்தது.

அக்டோபரில் கவலையில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2018 அக்டோபரில் ஜங்ஷன் ஊரில் தெற்கு லானோ ஆறு ஓர் ஆர்வி பூங்காவுக்குள் புகுந்து ஆட்களை அடித்துச் சென்றது, நால்வர் இறந்தார்கள். டெக்சஸுக்கு வெளியிலும் இதே கதைதான். 2010 ஜூன் 11 அன்று ஆர்கன்சாவில் லிட்டில் மிசௌரி ஆற்றங்கரையில் இருந்த ஆல்பர்ட் பைக் முகாமில் விடிவதற்கு முன் வந்த வெள்ளத்தில் 20 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே இரவில் தங்குவதற்கே இடம் கொடுக்கவில்லை.

ஆகவே இடம் பிடிக்கும்போதே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. போய்ச் சேர்ந்ததும் ஆற்றைப் பார்ப்பதற்கு முன் மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைகளில் சருகு, கந்தல் துணி, வேலிக்கம்பி சிக்கியிருந்தால் பழைய வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது என்று பொருள். அந்த உயரத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள். நிழலும் தண்ணீர்ச் சத்தமும் வேண்டுமென்றால் பகலில் இறங்கிப்போய் அனுபவித்துவிட்டு, இரவுக்கு மேல்வரிசைக்கு வந்துவிடுங்கள்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. திடீர் வெள்ள எச்சரிக்கை ஒவ்வொன்றுக்கும் கைப்பேசி அலறுவதில்லை. சேதம் கணிசமாகவோ பேரழிவாகவோ இருக்கும் என்று குறிக்கப்பட்ட எச்சரிக்கைகள் மட்டுமே அப்படி வருகின்றன. பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாவிட்டால் அதுவும் வராது. பேட்டரியில் ஓடும் நோவா (அமெரிக்க அரசின் வானிலை அமைப்பு) வானிலை ரேடியோ ஒன்றை வாங்கி, நீங்கள் தங்கும் கவுண்டியின் குறியீட்டை அதில் போட்டு, தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக் கோபுரத்தை நம்பாமல் தன்பாட்டில் அலறி எழுப்பும்.

நீரியல் பொறியாளர் (மறுமொழி):

கனமான வண்டியை வெள்ளம் கொண்டுபோகாது என்று பக்கத்து வண்டிக்காரர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், ஏனெனில் இந்த நம்பிக்கைதான் ஆட்களை உள்ளேயே உட்கார வைக்கிறது.

உங்கள் டிரெய்லர் ஏறத்தாழ 7.5 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். தரையின் பரப்பு 18 சதுர மீட்டர். தரை மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 1,800 கிலோ தூக்குவிசை கிடைக்கும். இந்த அளவுள்ள வண்டி சாமான்களோடு 2,700 கிலோ இருந்தால், தரைக்கு மேல் வெறும் 15 சென்டிமீட்டர் தண்ணீர் வந்தாலே மிதக்கத் தொடங்கிவிடும். வண்டியின் தரை நிலத்திலிருந்து முக்கால் மீட்டர் உயரம். ஆக, நிலத்தில் 90 சென்டிமீட்டர், அதாவது ஓர் ஆளின் இடுப்பளவு தண்ணீர் போதும். கதவிடுக்கு வழியாக நீர் உள்ளே கசிவதால் மிதப்பது சற்றுத் தாமதமாகலாம். வேகமாக ஏறும் வெள்ளத்தில் அந்தத் தாமதத்தை நம்ப முடியாது. கார் கனமான உலோகம், டிரெய்லரோ மரச்சட்டமும் நுரைப்பலகையும் மெல்லிய அலுமினியமும் சேர்ந்த பெட்டி. தண்ணீரைப் பொறுத்தவரை அதை ஒரு மோசமான படகு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜாக்குகள் வண்டி ஆடாமல் இருப்பதற்கு ஊன்றுபவை, நங்கூரம் அல்ல. வண்டி ஓரங்குலம் எழும்பினாலே அவை தரையை விட்டுவிடும். அதன் பிறகு பக்கவாட்டில் தள்ளும் நீரோட்டத்துக்கு எதிராக எதுவும் இல்லை. நீரின் வேகம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

மேலே நண்பர் சொன்ன 45 நிமிடத்துக்கு 26 அடி என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 17.6 சென்டிமீட்டர். தண்ணீர் சக்கரத்தைத் தொட்ட கணத்திலிருந்து வண்டி மிதக்கும் வரை உள்ள அவகாசம் ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். படியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சான் ஆன்டோனியோ வாசகி (மறுமொழி):

சகோதரி, மாமனாரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் எழுபத்தாறு வயதில் கைத்தடியோடு நடந்த என் தாயாரை இரவு இரண்டு மணிக்கு மேடேற்றிய அனுபவம் எனக்கு இருக்கிறது.

அன்று என்னைத் தாமதப்படுத்தியது அம்மாவின் முழங்கால் அல்ல, செருப்பு. இருட்டில் ஒரு செருப்பு கிடைத்தது, மற்றொன்று கட்டிலுக்கு அடியில் எங்கோ போய்விட்டது. வெறுங்காலோடு சுண்ணாம்புக் கல்லில் நடக்க அம்மாவால் முடியவில்லை. பத்தடிக்கு ஒருமுறை நின்றார்கள். அன்று முதல் நாங்கள் எங்கே தங்கினாலும், எல்லோருடைய பின்பட்டை வைத்த காலணிகளும் ஒரே பையில் போட்டுக் கதவுக் கைப்பிடியில் தொங்கும். அதே பையில் நெற்றி விளக்கு, அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை, கார் சாவி, அடையாள அட்டைகள் இருக்கும். அதற்கு மேல் எதுவும் எடுப்பதில்லை.

நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டில், மற்றவர்கள் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும் என்பது என் கருத்து. தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று நினைப்பது நடக்காது. வெள்ள முன்னறிவிப்பு பகலில் வந்தால் எச்சரிக்கைக்குக் காத்திராமல் அன்று மாலையே ஊருக்குள் ஒரு மோட்டலில் அறை எடுத்துவிடுங்கள். மழையே வராமல் போகலாம். அந்தச் செலவை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன், ஒரு முறையும் வருந்தியதில்லை. போன அன்று வெளிச்சத்திலேயே மாமனாரை மெல்ல அழைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்து பாருங்கள்; எத்தனை நிமிடம் ஆகிறது, எங்கே கைபிடிக்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

வாடகை வண்டி போனால் போகட்டும். வாகனக் காப்பீட்டில் விரிவான பாதுகாப்பு எடுத்திருந்தால் பொதுவாக வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். எடுக்கும்போது அதை மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆஸ்டின்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொறியாளர் ஐயாவின் கணக்கை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசவே இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். எச்சரிக்கை வந்தவுடன் டிரெய்லரை பிக்கப்பில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடலாமா? அந்தப் பூங்காவிலிருந்து வெளியேறும் சாலையில் ஒரு தரைப்பாலம் இருந்ததாக நினைவு.

மலைநாட்டுக்காரர்:

முன்னறிவிப்பு வந்து, வானம் வெளுத்திருக்கும்போது என்றால் தாராளமாக மாட்டிக்கொண்டு போங்கள். இரவில் எச்சரிக்கை வந்த பிறகு வேண்டாம். வெளியே தள்ளிய பக்க அறையை உள்ளிழுத்து, கழிவுக் குழாயையும் மின்கம்பியையும் கழற்றி, ஜாக்கை ஏற்றி, கொக்கியில் மாட்டி முடிக்கப் பழகியவர்களுக்கே இருபது நிமிடம் ஆகும். ஐந்து நிமிடக் கணக்கை இப்போதுதான் பார்த்தீர்கள். மின்கம்பத்தருகே தண்ணீர் வந்துவிட்டால் அதைத் தொடவும் கூடாது.

தரைப்பாலம் இருக்கிறது என்றால் பிக்கப்பில் மட்டும் போவதையும் மறந்துவிடுங்கள். ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தாலே பெரும்பாலான வாகனங்களைத் தூக்கிவிடும். அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதும் இருட்டில் தெரியாது. 1987 ஜூலை 17 அன்று கம்ஃபர்ட் ஊருக்கு அருகே கோடை முகாமிலிருந்து பிள்ளைகளை வெளியேற்றிக்கொண்டு வந்த பேருந்து இதே குவாடலூப்பே வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு பத்துப் பேர் இறந்தார்கள். கிளம்ப வேண்டும் என்ற முடிவு சரிதான். கிளம்பிய நேரமும் வழியும் அவர்களைக் கொன்றுவிட்டன. தரைப்பாலம் இருக்கும் இடத்தில், ஆற்றுக்கு எதிர்ப்பக்கமாக, பின்னாலிருக்கும் மேட்டில் காலால் ஏறுவதே வழி. அப்படி ஏறுவதற்கு மேடே இல்லாத பூங்காவில், அதுவும் மாமனாரோடு, தங்கவே வேண்டாம்.

ஆஸ்டின்வாசி:

நேற்று பூங்காவைத் தொலைபேசியில் அழைத்து, ஆற்றோர இடத்தை ரத்து செய்துவிட்டு மேல்வரிசையில் மாற்றிக்கொண்டோம். வெளியேறும் சாலை எந்த இடத்திலும் ஆற்றைக் கடக்கவில்லை என்பதையும் வரைபடத்தில் பார்த்து உறுதிசெய்தோம். வானிலை ரேடியோ வாங்கியாகிவிட்டது. அதில் கவுண்டிக் குறியீட்டைப் போடும் வேலையை மாமனார் தானே ஏற்றுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, கையேட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார்.