குண்டுமல்லிக் குச்சி துளிர்த்த பிறகு கருகுவது ஏன்?

மாடிப்பூ:
குண்டுமல்லியில் 12 குச்சி வெட்டி, செம்மண்ணும் தொழுவுரமும் சரிபாதி கலந்த பைகளில் நட்டு, நிழல்வலைக்குக் கீழே வைத்தேன். காலை, மாலை இரு வேளையும் தண்ணீர். 10 நாளில் எல்லாமே துளிர்த்தன. 20ஆம் நாள் கொழுந்து வாடியது. இப்போது அடியிலிருந்து கருப்பேறி வருகிறது. இரண்டைப் பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை; அடித்தோல் வழவழவென்று உரிந்து கையோடு வருகிறது. துளிர்த்த குச்சி ஏன் சாகிறது? வேர் ஊக்கித் தூள் போட்டால் சரியாகுமா?

நாற்றங்கால்:
துளிர் வந்துவிட்டால் குச்சி பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. முதல் ஓரிரு ஜோடி இலை, குச்சிக்குள் ஏற்கெனவே இருக்கிற மாவுச்சத்தைக் கொண்டு வருவது. அதற்கு வேர் தேவையில்லை. இலை விரிந்ததும் அதன் வழியே நீர் வெளியேறும். ஈடுகட்ட அடியில் வேர் இருக்காது. கொழுந்து தலைசாயும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவோம், அடி அழுகும். தோல் வழவழப்பது அழுகலுக்கு அடையாளம். தண்ணீர் இல்லாமல் செத்திருந்தால் தோல் சுருங்கி, உள்ளே பழுப்பாகக் காய்ந்திருக்கும்.

உங்களுக்குக் கெடுதல் செய்தது கலவைதான். வெட்டுவாய் ஆறி வேர் கிளம்பக் காற்று வேண்டும். செம்மண்ணும் எருவும் பாதிப்பாதி என்றால் இருவேளைத் தண்ணீரில் சேறாகிவிடும். கழுவிய ஆற்று மணல் 2 பங்கு, ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவு 1 பங்கு போதும். எம்-சாண்ட் என்றால் தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். அதிலிருக்கும் தூசி இடுக்குகளை அடைத்துவிடும். கலவையைக் கைப்பிடிக்குள் இறுக்கினால் விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. உரம் எதுவும் வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று அவ்வளவு உற்பத்தியாவதற்கு அங்குள்ள மணற்பாங்கான நிலமும் ஒரு காரணம்.

குச்சி எடுப்பது: தோல் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறிக்கொண்டிருக்கும் கிளை. வில்லாக வளைய வேண்டும். துவளவும் கூடாது, படக்கென ஒடியவும் கூடாது. 12 முதல் 15 செ.மீ. நீளம், 3 அல்லது 4 கணு. அடியில் கணுவுக்குக் கால் அங்குலம் கீழே சாய்வாகவும், மேலே கணுவிலிருந்து அரை அங்குலம் விட்டு நேராகவும் வெட்டுங்கள். தலைகீழாக நடும் தவறு இதனால் வராது. உச்சியில் ஒரு ஜோடி இலையை மட்டும் விட்டு, அதையும் பாதியாக நறுக்குங்கள். மொட்டு இருந்தால் கிள்ளிவிட வேண்டும். இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும்.

கொடிப்பந்தல்:
வேர் ஊக்கி பற்றி. அது வேரை விரைவாகவும் கூடுதலாகவும் வரவைக்கும். சேற்றில் அழுகுவதைத் தடுக்காது. மல்லிகைக்கு ஐபிஏ (இன்டோல் பியூட்ரிக் அமிலம் என்ற வேர் ஊக்கி) 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) போதும். அதாவது 100 மில்லிகிராமை 100 மி.லி. நீரில். நேரடியாக நீரில் கரையாது. ஸ்பிரிட்டில் கரைத்த பிறகு நீர் சேருங்கள். தூள் என்றால் தேவையானதை மட்டும் தனியே தட்டில் கொட்டி, அடி 1 செ.மீ. தொட்டு, மிச்சத்தைத் தட்டி உதறிவிட்டு நடுங்கள். முதலில் வேறொரு குச்சியால் குழி போடுங்கள். நேரே குத்தினால் தூள் முழுக்க மேல்மண்ணிலேயே வழித்துக்கொண்டு நின்றுவிடும். தேன், மஞ்சள் எல்லாம் வேர் வரவைப்பவை அல்ல.

இன்னொன்று: அடி அறுத்த 2 லிட்டர் பாட்டிலைக் குச்சிமேல் கவிழ்த்தால் இலையின் நீரிழப்பு குறையும். அப்போது இருவேளைத் தண்ணீர் தேவைப்படாது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, முதல் விரல்மூட்டு ஆழம்வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பாட்டில் மேல் நேர் வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும்.

பதியன்:
தாய்ச்செடி கையிலிருந்தால் குச்சியைவிடப் பதியம் போடுவதே மேல் என்பேன். தாழ்ந்த கிளையில் ஒரு கணுவுக்கு அடியில் தோலை லேசாகக் கீறி, பக்கத்துத் தொட்டியில் 5 செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்து, கம்பியை வளைத்துக் குத்தி, மேலே ஒரு செங்கல் வையுங்கள். வேர் வரும்வரை தாயிடமிருந்தே நீர் கிடைப்பதால் வாடாது. இரண்டு மூன்று மாதம் கழித்து வெட்டிப் பிரிக்கலாம். ஒரு செடியில் நாலைந்துதான் கிடைக்கும் என்பது ஒன்றுதான் குறை.

மாடிப்பூ:
நன்றிங்க. மீதி 10 குச்சியைக் காப்பாற்ற வழி உண்டா?

நாற்றங்கால்:
கருப்புக்கு மேலே, உள்தண்டு வெளிர்பச்சையாகத் தெரியும்வரை வெட்டுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள். மூன்று கணு மிஞ்சினால் புது மணல் கலவையில் நடலாம், குறைந்தால் விட்டுவிடுங்கள். நீண்ட கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். பழைய கலவையை வேறு குச்சிக்குப் பயன்படுத்த வேண்டாம், அழுகல் பூஞ்சை அதில் தங்கியிருக்கும். ஆறேழு வாரம் பிடுங்கிப் பார்க்காதீர்கள்; புது வேர் பட்டென்று ஒடியும். பையின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்த பிறகு, எரு கலந்த மண்ணுக்கு மாற்றலாம்.