உன்னால் முடியுமா என்று கேட்டபோது: அவரவர் அனுபவம்

கணக்கு டீச்சர்:
அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் பத்தாம் வகுப்பில் எட்டுக் கணக்குகள் கொண்ட தாளைக் கொடுத்தேன். விடை வேண்டாம், 'இதை என்னால் போட முடியும்' என்பதில் எவ்வளவு உறுதி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே 0 முதல் 100 வரை ஓர் எண் எழுதினால் போதும். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா சொன்ன முறைதான். பி.எட். படிக்கும்போது நெட்டுருப் போட்டதோடு சரி, கையில் எடுத்தது அன்றுதான்.

பெயர் எழுதச் சொன்னது என் தப்பு. பார்க்கிற தாளில் எல்லாம் 100. ஒருவன் 110! மறுநாள், பெயருக்குப் பதில் ஏதாவது படம் வரையுங்கள், அடுத்து வைக்கும் தேர்விலும் அதே படம் இருக்கட்டும், யாருடையது என்று கேட்கமாட்டேன் என்றேன். எண்கள் மளமளவென்று இறங்கின. மாம்பழம் வரைந்த தாளில், முக்கோணவியல் கணக்குக்கு 40 எழுதி, அழித்து 30 ஆக்கி, அதையும் அழித்து 20. அந்த இடத்தில் தாள் கிழிந்தே போயிருந்தது. தேர்வில் எட்டும் சரி. ராக்கெட் வரைந்தவர் எல்லாவற்றுக்கும் 90 போட்டிருந்தார், தேறியது இரண்டு.

மாம்பழம் யாரென்று கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிட்டது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்றே! வாய் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க முக்கோணவியல் கணக்கு வந்தாலே கரும்பலகைக்கு அவளைத்தான் கூப்பிட்டேன்.

முதல் தலைமுறைப் பட்டதாரி:
பன்னிரண்டு வரை எனக்குத் தமிழ் மீடியம். இன்ஜினியரிங் சேர்ந்த முதல் வாரம், ஆங்கிலத்தில் ஒரு படிவம். 1 முதல் 5 வரை டிக் அடிக்க வேண்டும். பாதிக் கேள்வி புரியவில்லை, பக்கத்தில் கேட்க வெட்கம். எல்லாவற்றுக்கும் 3. 'தன்னம்பிக்கை: சராசரி' என்று ரிப்போர்ட் வந்தது. பார்க்கப்போனால் அது என் இங்கிலீஷை அளந்த படிவம்.

ஒரு தாய்மாமன்:
பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பிசா (PISA) ஆய்வில், 2012-இல், பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் டீச்சர் கேட்டது போலவே கேட்டிருக்கிறார்கள். சமன்பாடு ஒன்றைத் தீர்ப்பது, 30% தள்ளுபடியில் டிவி விலை எவ்வளவு குறையும், தரைக்கு எத்தனை சதுர மீட்டர் டைல்ஸ் வேண்டும், இதெல்லாம் உன்னால் முடியுமா என்று. அக்கா மகனிடம் கேட்டுப் பார்த்தேன். சமன்பாட்டுக்கு 'ஈஸி மாமா'. டைல்ஸுக்கு உதட்டைப் பிதுக்கி, 'அதெல்லாம் நடத்தவே இல்லையே' என்றான். அவன் அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். போன மே லீவில் கூடவே போய், ஹாலை டேப் வைத்து அளந்து, எத்தனை பெட்டி வாங்க வேண்டும் என்று சொன்னதே இவன்தான்.