தோப், கந்தூரா, பிஷ்த்: எல்லாவற்றுக்கும் ‘அங்கி’ போதுமா?

வணக்கம்.

அரபு ஆண்களின் நீண்ட உடையைப் பற்றித் தமிழில் எழுதும்போது பொதுச்சொல் ஒன்று தேவைப்படுகிறது. சவூதியில் தோப், அமீரகத்தில் கந்தூரா, குவைத்திலும் ஓமனிலும் திஷ்தாஷா என்று நாட்டுக்கு ஒரு பெயர். ‘ஜிப்பா’ அரபு ‘ஜுப்பா’விலிருந்து வந்ததுதான், ஆனால் தமிழில் அது தொளதொளப்பான சட்டையாகச் சுருங்கிவிட்டது. எல்லாவற்றையும் ‘அரபு அங்கி’ என்று எழுதிவிடலாம் என்பது என் முன்மொழிவு. விவிலியத் தமிழிலேயே பழகிய சொல் அது.

*

> எல்லாவற்றையும் ‘அரபு அங்கி’ என்று எழுதிவிடலாம்

ஐயா, இதை நான் ஏற்கவில்லை. இன்று அங்கி என்றதும் வழக்கறிஞர் அங்கியும் பட்டமளிப்பு அங்கியும்தான் நினைவுக்கு வரும். இரண்டும் முன்பக்கம் திறந்தவை; வேறொரு உடைக்கு மேல் போடுபவை. தோப் அப்படியல்ல. தலைவழி நுழைத்துப் போடுவது, கழுத்திலிருந்து மார்பு வரைதான் திறப்பு. அதுவே முதன்மை உடை. அமீரகத்தில் அதற்குள்ளே இடுப்பில் நம் வேட்டியைப் போல ‘வுஸார்’ கட்டுவார்கள்.

அங்கி என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துவது பிஷ்த்துக்கு. 2022 டிசம்பர் 18 அன்று உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி முடிந்ததும் லுசைல் அரங்கில் கத்தார் அமீர் மெஸ்ஸிக்குப் போர்த்திய கறுப்பு உடை அதுதான். முன்பக்கம் திறந்தது, மெல்லிய துணி. அதனால்தான் உள்ளேயிருந்த அர்ஜென்டினாச் சட்டை தெரிந்தது. ஓரங்களில் சரிகை வேலைப்பாடு. அதற்குப் பேர்போனது சவூதியின் அல்அஹ்ஸா. தோப்பையும் பிஷ்த்தையும் அங்கி என்றே எழுதினால், ‘அங்கிக்கு மேல் அங்கி அணிந்திருந்தார்’ என்றல்லவா எழுத வேண்டிவரும்!

நாட்டுக்கு நாடு வெட்டும் மாறுகிறது. சவூதித் தோப்புக்கு விறைப்பான காலர் உண்டு. கைப்பட்டி வைத்துத் தைத்தால் அதில் பொத்தானுக்குப் பதில் கஃப்லிங்க் மாட்டுவார்கள். அமீரகக் கந்தூராவுக்குக் காலர் கிடையாது. கழுத்திலிருந்து ‘தர்பூஷா’ என்ற நீண்ட குஞ்சம் தொங்கும். ஓமன் திஷ்தாஷாவின் குஞ்சம் குட்டையானது. அதில் அத்தர் தடவுவார்கள். மொராக்கோவின் ஜெல்லாபாவில் தலைமூடி சேர்த்தே தைத்திருக்கும். ‘அரபு அங்கி’ என்ற ஒற்றைப் பெயர் இவை எல்லாவற்றையும் அழித்துவிடும். எனவே தனிப்பெயர்களை அப்படியே ஒலிபெயர்ப்போம். வகைக்கு மட்டும் தமிழ்ச்சொல் தேடுவோம்.

*

வகைப்பெயர் வேறு, தனிப்பெயர் வேறு என்பது சரி. ஆனால் ஒலிபெயர்ப்பிலும் சிக்கல் இருக்கிறது.

‘தோப்’ என்பதன் அரபு மூலம் ‘ஸவ்ப்’. அதன் முதல் எழுத்தைத் தமிழ் முஸ்லிம்கள் ‘ஸ’ என்றே எழுதிவந்திருக்கிறார்கள்: ஹதீஸ், உஸ்மான். அந்த மரபுப்படி ‘ஸவ்ப்’ சரிதான். ஆனால் நன்மையைக் குறிக்கும் ‘ஸவாப்’ பக்கத்திலேயே நிற்கிறது. அவசரமாகப் படிப்பவர் குழம்புவார். ‘தோப்’ பேச்சுக்கு நெருக்கம் என்றாலும், வேற்றுமை உருபு சேர்ந்தால் மாந்தோப்பு, தென்னந்தோப்பு ஆகிவிடுகிறது. ‘தோப்பில் கறை’ என்றால் என்ன புரியும்? எனவே உருபு நேராக ஒட்டாமல் ‘தோப் உடையில்’, ‘தோப் உடையை’ என்று எழுதுவது நல்லது. கந்தூராவில் ‘ரா’ நெடிலாகவே இருக்கட்டும். ‘ரி’ என்று தட்டச்சாகிவிட்டால் நாகூர்க் கந்தூரிதான். பெண்கள் அணியும் நீண்ட உடையான ‘அபாயா’வும் இப்படியே: ‘அபாயாவை’ என்று முழுதாக எழுதினால்தான் ‘அபாயத்தை’யிலிருந்து தப்பும்.

இன்னொன்று. ‘ஸவ்ப்’ என்றால் அரபியில் வெறுமனே ‘உடை’ என்றுதான் பொருள். சூடானில் இதே சொல் பெண்கள் சேலைபோல் உடம்பில் சுற்றிக்கொள்ளும் தைக்காத நீளத் துணியைக் குறிக்கும். ஆகவே ‘தோப் என்பது ஆண்களின் உடை’ என்று பொதுவாக எழுதினால் பிழை. நாட்டைச் சொல்லியாக வேண்டும்.

வகைப்பெயருக்குப் பழஞ்சொற்களைப் பார்த்தேன். முல்லைப்பாட்டில் யவனர் ‘மெய்ப்பை’ புக்கவர்களாக வருகிறார்கள். மேற்கிலிருந்து வந்தவர்களின் தைத்த உடைக்கு அன்றே சொல் இருந்திருக்கிறது. ஆனால் இன்று அதைக் கேட்டால் பிணத்தைப் பொதியும் பை என்று தோன்றும், வேண்டாம். ‘குப்பாயம்’ எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. திருவாசகத்தின் அன்னைப்பத்தில், பாய்பரி ஏறி வரும் சிவன் ‘பள்ளிக் குப்பாயத்தர்’. குதிரை வணிகராக வந்த இறைவனுக்குத் தைத்த உடை! மலையாளத்தில் இன்றும் புழங்கும் சொல்.

*

குப்பாயத்தில் ‘குப்பை’ ஒலிக்கிறது என்பார்களே?

*

‘நெடுங்குப்பாயம்’ என்று முன்னொட்டு சேர்த்தால் அந்த ஒலி அடங்கிவிடும். நீளமும் சொல்லுக்குள் வந்துவிடும். அதுதான் சட்டையிலிருந்து இதைப் பிரிக்கும் கூறு. மலையாளத்தில் குப்பாயம் எந்தச் சட்டைக்கும் பொது என்பதால் அந்த முன்னொட்டு இல்லாமல் முடியாது.

தையல் குறிப்பில் வைத்துச் சோதித்தேன்: ‘60 அங்குல அகலத் துணியில் ஒரு நெடுங்குப்பாயத்துக்குச் சுமார் மூன்றரை மீட்டர் பிடிக்கும். அக்குளில் சேர்ப்புத்துண்டு வைக்காவிட்டால் கையைத் தூக்கும்போது கீழ்விளிம்பும் மேலேறும்.’ வாக்கியம் இடறவில்லை.

பிஷ்த்துக்கு ‘மேலங்கி’ வேண்டாம், அது கோட்டுக்குப் போய்விட்டது. ‘போர்வையங்கி’ என்று ஒருமுறை விளக்கிவிட்டுப் பிறகு பிஷ்த் என்றே தொடரலாம்: ‘வெள்ளை நெடுங்குப்பாயத்தின் மேல் பழுப்பு பிஷ்த் அணிந்திருந்தார்.’

*

ஐயா, ஏற்கிறேன். அபாயாவும் முன்பக்கம் திறந்த வெட்டில் வரும்போது போர்வையங்கி வகையில்தான் சேரும். அதைப் பர்தா, புர்கா என்று மாற்றி எழுதியிருக்கும் இடங்களைத் திருத்தப் பட்டியல் எடுக்கிறேன். அபாயா முகத்தை மூடாது.